பெற்றால்தான் சுரக்குமா?

அன்புள்ள சார்,

வணக்கம். மூளை, நரம்பு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. பிரசுரிப்பதானால் என் பெயரும் ஊரும் வேண்டாம்.

கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. மருத்துவம் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான காராவில் பதிவு செய்து, காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். எங்களிடம் வந்தபோது அவளுக்கு 14 மாதம். அதுவரை ஒரு இல்லத்தில் வளர்ந்தவள். வந்து ஐந்து மாதமாகிறது.

வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் என் சின்ன மாமியார் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் போவார். "பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க? பத்து மாசம் சுமந்தாத்தான் அந்தப் பாசம் ஊறும்" என்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் ஒரு டாக்டரின் வீடியோ பார்த்தேன். பிரசவத்தில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் பெருக்கெடுக்கிறது, அதுதான் தாயையும் சேயையும் ஒட்டவைக்கிறது, அது இல்லையென்றால் பிணைப்பும் இல்லை என்று படம் போட்டு விளக்கினார். சின்ன மாமியார் சொல்வதையே விஞ்ஞானமும் சொல்கிறதே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் மகள் யார் கூப்பிட்டாலும் போகிறாள். எதிர்வீட்டுக்காரர், சிலிண்டர் போட வருபவர் என்று எல்லோரிடமும் கையை நீட்டுகிறாள். நான் வேலைக்குக் கிளம்பினால் அழுவதில்லை. கீழே விழுந்தாலும் என்னிடம் வருவதில்லை, தானே எழுந்து போய்விடுகிறாள். "ரொம்ப சமத்து" என்கிறார்கள். எனக்கு அது சமத்தாகத் தெரியவில்லை. ஆக்ஸிடோசின் மூக்கு ஸ்ப்ரே இணையத்தில் விற்கிறார்கள். அதை வாங்கி நானாவது போட்டுக்கொள்ளலாமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

சிரிக்கவில்லை. ஸ்ப்ரே வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். யசோதையின் கதையை இதற்குள் பத்துப் பேராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆகவே நான் எலிகளிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த வீடியோ சொன்னது பாதி. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கவைக்கிறது என்று 1906-ல் ஹென்றி டேல் ஒரு பூனையில் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த ஆக்ஸிடோசினை வின்சென்ட் டு விக்னோ 1953-ல் ஆய்வகத்தில் தயாரித்தார், 1955-ல் நோபல் பரிசு பெற்றார். ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சிறிய மூலக்கூறு அது. வெகுகாலம் அதைப் பிரசவத்துக்கும் பால் சுரப்புக்குமான ஹார்மோன் என்று மட்டுமே நினைத்திருந்தார்கள். 1979-ல் பெடர்சனும் பிராங்கேயும் குட்டி போடாத பெண் எலிகளின் மூளைக்குள் அதைச் செலுத்தினார்கள். கணிசமான எலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் அடுத்தவள் குட்டிகளைத் தன் குட்டிகளாகப் பாவித்து நக்கவும் அள்ளிச் சேர்க்கவும் தொடங்கின. 'பாச ஹார்மோன்' என்ற பேச்சு பரவ அது ஒரு முக்கியக் காரணம். வீடியோ டாக்டர் வந்து நின்ற இடமும் அதுதான்.

மீதிப் பாதி அதற்கும் 12 வருடம் மூத்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே ரோசன்பிளாட் 1967-ல் வெளியிட்ட ஆய்வு. குட்டி போடாத எலிக்குச் சாதாரணமாகக் குட்டிகளைக் கண்டாலே ஆகாது. விலகிப் போகும், சில சமயம் கடித்தும் விடும். ரோசன்பிளாட் ஊசி எதுவும் போடவில்லை. குட்டிகளை அவற்றோடு 10 முதல் 15 நாள் வரை கூண்டில் விட்டுவைத்தார், அவ்வளவுதான். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பல எலிகள் மாறத் தொடங்கின. குட்டிகளை நக்கின, வாயால் கவ்விக் கூட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தன, மடியில் பால் இல்லாமலே பாலூட்டும் நிலையில் குனிந்து நின்றன. சினைப்பையை அகற்றிய எலிகளும் அப்படிச் செய்தன. பிட்யூட்டரியை எடுத்துவிட்ட எலிகளும் செய்தன. ஆண் எலிகளும் செய்தன. இது எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. குட்டிகளோடு கிடந்த நாட்கள் மட்டுமே அந்த மூளைகளைத் திருப்பிவிட்டன. மழையில் ஒரே இரவில் நிரம்பும் கிணறும் உண்டு, ஊற்றெடுத்து மெல்ல நிரம்பும் கிணறும் உண்டு. பிரசவம் முதல் வகை, நீங்கள் இரண்டாம் வகை.

2021-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃப்ரோம்கேயின் குழு இதை இன்னும் நெருங்கிப் போய்ப் பார்த்தது. குட்டி போடாத பெண் சுண்டெலியை ஒரு தாயோடும் அதன் குட்டிகளோடும் சேர்த்து விட்டார்கள். தாய் சும்மா இருக்கவில்லை. புதியவளைத் தள்ளித் தள்ளிக் கூட்டுக்குக் கொண்டுபோனது. இடையில் கண்ணாடி போன்ற தடுப்பு வைத்து, தாய் குட்டிகளைத் தூக்கிவருவதைப் பார்க்க மட்டும் விட்டபோதும் புதியவள் கற்றுக்கொண்டது. பார்வையை மறைத்தபோது அந்தப் பாடம் நடக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சுண்டெலியின் மூளையில், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஆக்ஸிடோசின் நரம்புகள் துடித்தன. பிரசவம் இல்லை, பால் இல்லை. ஒரு குட்டியைப் பராமரிப்பதைப் பார்த்ததிலேயே அந்தச் சுரப்பு நடந்தது. 'எனக்கு அது நடக்கவே இல்லையே' என்று நீங்கள் தூக்கம் கெட்டீர்கள் அல்லவா? உங்கள் மகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும் நேரத்தில் உங்கள் மூளை சும்மா இருக்கிறது என்று எண்ண ஒரு காரணமும் இல்லை.

சின்ன மாமியார் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் அது ஆட்டுக்குப் பொருந்தும். குட்டி பிறப்புப் பாதை வழியே வரும்போது தாய் ஆட்டின் மூளையில் ஆக்ஸிடோசின் பாய்கிறது. அதன்பின் ஓரிரு மணி நேரம்தான் அதற்கு அவகாசம். அதற்குள் தன் குட்டியின் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வேறு குட்டி மடியை நெருங்கினால் முட்டித் தள்ளும். தாயில்லாத குட்டிக்கு, செத்துப்போன குட்டியின் தோலைப் போர்த்தி அதன் தாயிடம் ஊட்டவிடுவது மேய்ப்பர்கள் அறிந்த பழைய உத்தி. ஆட்டுக்கு ஏன் இத்தனை கறார்? ஆட்டுக்குட்டி பிறந்த உடனே எழுந்து நடந்து மந்தையில் கலந்துவிடும்; அடையாளம் தவறினால் பால் ஊரான் குட்டிக்குப் போய்விடும். எலிக் குட்டியோ கூட்டை விட்டு நகராது, கூட்டில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டால் போதும். மனிதக் குழந்தையும் ஓடிப்போகாது. தவிர, நம் இனத்தில் பிள்ளையை ஒருத்தி மட்டும் வளர்த்ததாகச் சரித்திரம் இல்லை. காங்கோவின் இட்டூரிக் காட்டில் வாழும் ஈஃபே மக்களிடையே கைக்குழந்தைக்குப் பெற்றவளல்லாத பெண்களும் பால் கொடுப்பது வழக்கம். பெற்றால் மட்டுமே திறக்கும் பூட்டு நமக்கு இருந்திருந்தால் பிரசவத்தில் தாய் இறந்த குழந்தை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

மனிதரிடம் இதைச் சோதிக்கத் தகப்பன்மார்தான் வசதி. அவர்கள் யாரும் பெறுவதில்லை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களை 2005-லும் 2009-லும் அளந்தார்கள். இடையில் அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினம் மூன்று மணி நேரமோ மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு எல்லோரையும்விடக் குறைவு. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் குழு 2014-ல் இன்னொன்றைக் காட்டியது. வீட்டில் அம்மா என்று ஒருவர் இல்லாமல், இரண்டு ஆண்கள் சேர்ந்து வளர்க்கும் குடும்பங்கள் அவை. அந்த அப்பாக்களின் மூளையில், பயத்தையும் உணர்ச்சிகளையும் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி, பெற்ற தாய்களுக்கு இருக்கும் அளவுக்கு விழிப்பாக இருந்தது. அமிக்டலாவுக்கும், அடுத்தவர் மனதை ஊகிக்க உதவும் புறணிப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு, அப்பாக்கள் குழந்தையை நேரடியாகக் கவனித்த நேரத்துக்கு ஏற்ப வலுவாக இருந்தது. உங்கள் கணவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது ஸ்ப்ரே. நம் ஊரில் ஆக்ஸிடோசினை டாக்டர்களுக்கு அடுத்தபடியாக நன்கு அறிந்தவர்கள் மாடு வைத்திருப்பவர்கள். மாடு மடி இறக்கிப் பால் விட அந்த ஊசியை முறைகேடாகப் போடுகிறார்கள் என்றுதான் மத்திய அரசு 2018-ல் தனியார் தயாரிப்புக்கே தடை கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஊசி போட்ட மாட்டுக்குக் கன்றின்மேல் பாசம் கூடியதாக நான் எந்தப் பால்காரர் சொல்லியும் கேட்டதில்லை. இரத்தத்தில் ஏறும் ஆக்ஸிடோசின் மூளைக்குள் நுழைவது மிகச் சொற்பம். மூக்கு வழியாகப் போனால் நுழையும் என்ற நம்பிக்கையில் 2005-ல் சூரிக்கில் ஒரு பரிசோதனை நடந்தது, முன்பின் தெரியாதவரை நம்பிப் பணம் கொடுக்கும் குணத்தை ஸ்ப்ரே கூட்டுகிறது என்று அறிவித்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. 2020-ல் அதைவிடப் பெரிய எண்ணிக்கையில் கவனமாகத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2021-ல் ஆட்டிசம் உள்ள 290 பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆக்ஸிடோசினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஸ்ப்ரேயும் 24 வாரம் கொடுத்துப் பார்த்ததில், இரு தரப்புக்கும் சமூகப் பழக்கத்தில் வித்தியாசமே இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்ற எலியினம் இருக்கிறது. ஜோடி சேர்ந்தால் பிரியாது. அந்தப் பாசம் ஆக்ஸிடோசினால் என்று முப்பது வருடமாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2023-ல் கலிஃபோர்னியாவில் தேவானந்த் மனோலியும் நிராவ் ஷாவும் மரபணுவைத் திருத்தி, ஆக்ஸிடோசினை வாங்கும் ஏற்பியே இல்லாத வோல்களைப் பிறக்கவைத்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. இந்த அளவு அவசியமான ஒரு காரியத்தை உடம்பு ஒரே ஒரு சுரப்பிடம் ஒப்படைத்து வைத்திருக்கவில்லை. டாக்டர்கள் இதையும் ஒரு வீடியோவாகப் போடலாம்.

இனி உங்கள் மகள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அவள் சமத்தில்லை என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி.

ஆறேழு மாதத்திலிருந்து குழந்தை ஒருவரையோ இருவரையோ தன் புகலிடமாகத் தேர்ந்துகொள்ளத் தொடங்குகிறது. யார் பெற்றார்கள் என்று அது பார்ப்பதில்லை. அழுதபோது யார் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்று பார்க்கிறது. இல்லத்தில் ஆயாக்கள் ஷிஃப்ட் முறையில் மாறுவார்கள். அங்கே எல்லோரிடமும் சிரித்துக் கை நீட்டுவது பிழைக்கத் தெரிந்த குணம். விழுந்தால் தானே எழுந்து போவதும் அப்படித்தான். இது உங்கள் பாசத்துக்கு விழுந்த குறைந்த மார்க் அல்ல. நீங்கள் வருவதற்கு முன்பே அவள் படித்துவிட்ட பாடம்.

அதை மாற்ற முடியுமா? ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மூன்றரை வயதில் பார்த்தபோது குடும்பத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பாதுகாப்பான பிணைப்போடு இருந்தார்கள். இல்லப் பிரிவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். தத்துக் குழந்தைகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு வயதுக்கு முன் வந்தவர்களுக்கும் பெற்றவர்களிடம் வளர்ந்தவர்களுக்கும் பிணைப்பில் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம் சராசரியில் கொஞ்சம் பின்தங்கல் இருந்தது. உங்கள் மகள் 14 மாதத்தில் வந்தவள். தேறும் வயதுதான், ஆனால் தானாகவே சரியாகிவிடும் என்று விட்டுவிடும் வயதில்லை.

டெலவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர் வளர்ப்புத் தாய்களோடு பல வருடம் வேலை செய்தவர். இடம் மாறி வந்த குழந்தைகள் அடிபட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அதைப் பார்த்து வளர்ப்பவரும் 'இதற்கு நான் வேண்டாம்போல' என்று ஒதுங்கிவிடுகிறார். ஒதுங்கவேண்டிய நேரம் அதுவல்ல என்று டோசியர் பயிற்சி கொடுத்தார். குழந்தை கேட்காவிட்டாலும் போய்த் தூக்குவது, வேண்டாம் என்று நெளிந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. பத்து அமர்வுகள்தான். அந்தக் குழந்தைகளின் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், காலையில் ஏறி இரவில் இறங்கும் இயல்பான ஓட்டத்துக்கு நெருங்கி வந்தது. ஆகவே அவள் விழுந்தால் அவள் வரக் காத்திருக்காதீர்கள், நீங்கள் ஓடுங்கள்.

இன்னொன்று, கூட்டுக் குடும்பத்தில் கஷ்டமானது. அடுத்த சில மாதம் பசி, தூக்கம், வலி இந்த மூன்றையும் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட யார் வேண்டுமானாலும் தூக்கட்டும். சோறு ஊட்டுவதும் தூங்கவைப்பதும் வேண்டாம். சின்ன மாமியாருக்கு வருத்தம் வரும். டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். எல்லோரிடமும் போகும் பழக்கம் உங்களிடம் ஒட்டிய பிறகும் கொஞ்ச காலம் தொடரலாம், அதை வைத்து அளக்காதீர்கள். பயந்தபோது உங்களைத் தேடித் திரும்பிப் பார்க்கிறாளா, நீங்கள் வீடு திரும்பும்போது முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் கிளம்பும்போது ஒருநாள் கத்தி அழுதால் சந்தோஷப்படுங்கள்.

ஆறு மாதம் கழித்தும் ஒன்றுமே மாறாவிட்டால் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை சிகிச்சை மையம் இருக்கும், கட்டணம் கிடையாது. போகும்போது அவள் இல்லத்தில் இருந்த காலத்தின் மருத்துவக் குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.