அவளுடைய வயலை அவள் விற்க முடியுமா?

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் நீண்டகாலம் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வுக்குப் பின் முல்லைத்தீவில் வாசகர் வட்டம் நடத்தும் நம் பத்தியாளர் வன்னி வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் முள்ளியவளை, காலம் 1912. நாயகிக்குச் சீதனமாக வந்த வயல் இருக்கிறது. அதை விற்று, அந்தக் காசோடு இணுவில் ஆசுபத்திரிக்குப் போய்த் தாதிமைத் தொழில் பழகித் தன் காலில் நிற்க விரும்புகிறாள். கணவன் மறிக்கிறான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே கூடியிருக்கும்போது அவள் எழுந்து பெண் விடுதலை பற்றிப் பேசுகிறாள். வாசித்த தோழிகள் அந்தப் பேச்சு மட்டும் ஒட்டவில்லை என்கிறார்கள். என்ன செய்யட்டும்? — வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, பேச்சை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நொத்தாரிசின் மேசையை வையுங்கள்.

உங்கள் கதையின் முடிச்சு அந்த மேசையில்தான் இருக்கிறது. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள், 1806இல் ஆங்கிலேயர் உறுதிப்படுத்தினார்கள். பிறகு 1911இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணம் என்று பெயர் இருந்தாலும் வன்னித் தமிழருடைய காணிக்கும் அதுதான் சட்டம். சீதனம் பெண்ணுடைய தனிச் சொத்து, கணவனின் கடனுக்கு அதைப் பிடிக்க முடியாது என்கிறது. நகை, மாடு, நெல் எல்லாவற்றையும் அவள் யாரையும் கேட்காமல் விற்கலாம். காணி என்று வந்தால் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ஆனால் அதே காணியை மரணசாசனத்தில் விரும்பியவருக்கு எழுதிவைக்க அவனுடைய சம்மதம் வேண்டாம். செத்த பிறகு கொடுக்கலாம், உயிரோடு இருக்கும்போது விற்க முடியாது! இதைவிடக் கூர்மையான வசனத்தை உங்கள் நாயகி பொங்கலில் பேச முடியுமா?

அந்தப் பிரிவு, சட்டம் வந்த பிறகு நடந்த கலியாணங்களுக்கே பொருந்தும். ஆகவே அவளுடைய கலியாணத் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். கதையை 1914, 1915 அளவில் தள்ளி வைத்தால் வசதி. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். அந்த இரண்டு சாட்சிகள் யார்? கணவனுக்குப் பயந்து ஊரில் எவரும் வரமாட்டார்கள் என்றால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது. அவள் கையெழுத்து வைப்பாளா, விரல் அடையாளம் வைப்பாளா? அதிலும் ஒரு அத்தியாயம் இருக்கிறது.

இந்தப் பிரிவுகள் நான் வேலை பார்த்த காலத்திலும் நடைமுறையில் இருந்தன. தன் பெயரில் உள்ள காணியின் உறுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, "அவர் எங்கை எண்டே தெரியாது, நான் என்ன செய்ய?" என்று கேட்ட பெண்கள் என் மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். வன்னியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்களை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். 1915இன் பெண் தானாக உயிர் பெறுவாள்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இப்படியெல்லாம் எண்ணம் வந்திருக்குமா? இன்றைய கொள்கையை அவள் தலையில் ஏற்றுவது சரியா? — வாசகர், வவுனியா

பதில்: ஏற்றக் கூடாது. ஆனால் எண்ணமே வந்திராது என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1782இல் ஒல்லாந்தர் வன்னியை அடக்கியபோது எதிர்த்து நின்றவர்களில் மரியா செம்பாத்தை என்ற வன்னிச்சியும், அதாவது வன்னித் தலைவியும், ஒருவர். பிடித்துக் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை யானையைக் கட்டியதைப் பாடும் ஒப்பாரி எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாயில் வந்தது. அதை நம் பாட்டிமார் வெறும் கதையாகவா கேட்டிருப்பார்கள்? உடுவிலில் 1824இலேயே அமெரிக்க மிசன் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் ஆசுபத்திரி 1898இல் வந்தது. அங்கே படித்துத் திரும்பிய ஒருத்தியை ஒரு கலியாண வீட்டில் கண்டாலே போதும், அவளைப் போல நானும் இருக்கலாம் என்ற ஆசை வந்துவிடும். 'சுதந்திரம்' என்ற சொல்லை அவள் வாயில் வைக்க வேண்டியதில்லை. தன் வயலுக்குத் தண்ணீர் விட வேண்டிய முறையில் குளத்து மதகான துருசை யார் திறப்பது என்று அவள் சண்டை பிடிக்கட்டும்.

கேள்வி: 1890இல் நாயகி இரணைமடுக் குளக்கட்டில் நின்று அழுவதாக எழுதியிருக்கிறேன். பரவாயில்லையா? — வாசகர், கிளிநொச்சி

பதில்: குளத்தை மாற்றுங்கள். இரணைமடு இருபதாம் நூற்றாண்டில் கட்டிய குளம். கிளிநொச்சிப் பட்டணமும் அப்போது கிடையாது. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். அந்தக் காலத்து வன்னி கண்முன் வரும்.

கேள்வி: பண்டாரவன்னியனை நாயகியின் கனவில் கொண்டுவரலாமா? — வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம், மகள். 1803 ஓகஸ்டில் அந்த வன்னி அரசர் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார், ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றார். நூறு வருடம் கழித்து வாழும் பெண்ணின் தைரியத்துக்கு ஏன் ஒரு ஆண் வந்து கனவில் உத்தரவு கொடுக்க வேண்டும்? அவள் கற்சிலைமடுவைத் தாண்டி மாட்டுவண்டியில் மாங்குளம் போகட்டும். அங்கே கோச்சி நிற்கும், 1905இலேயே யாழ்ப்பாணம் வரை முழுப்பாதையும் திறந்துவிட்டது. காட்டுப் பாதையில், இரவில், யானைக்குப் பயந்துகொண்டு போகும் அந்தப் பயணத்தை அவசரப்படாமல் எழுதுங்கள். வண்டிக்காரன் யார், அவன் ஏன் அவளுக்கு உதவுகிறான் என்பதை வாசகருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: உரையாடலை வன்னிப் பேச்சில் எழுதினால் வெளியூர் வாசகருக்கு விளங்குமா? — வாசகர், மல்லாவி

பதில்: விளங்கும். "என்ர வயலை விக்க நான் ஆரைக் கேக்கோணும்?" என்பது எந்தத் தமிழருக்கு விளங்காது? அடிக்குறிப்பும் போடாதீர்கள்.

கேள்வி: (ஒட்டுசுட்டான் வாசகியே மறுபடி) கணவன் கடைசிவரை சம்மதம் தரவில்லை. அவள் தோற்றுத்தான் போக வேண்டுமா?

பதில்: இல்லை. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனால், இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தால், சித்தம் கலங்கியிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து அனுமதி வாங்கலாம். ஆனால் நியாயமில்லாமல் மறுக்கிறான் என்பதை அவள்தான் காட்ட வேண்டும். அப்புக்காத்துக்குக் காசு வேண்டும். அதற்கு எதை விற்பாள்? நகையை விற்க யாருடைய சம்மதமும் வேண்டாம் என்று மேலே சொன்னேனே, அங்கிருந்து இரண்டாம் பாகத்தைத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் முதல் பிரதியை எனக்கு அனுப்புங்கள். உறுதி எழுதும் காட்சிகளை நான் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.