கதிரியக்கப் பொருள் வைத்திருந்த மருத்துவமனை அறையை எந்த நம்பிக்கையில் பொதுப் பயன்பாட்டுக்கு விடுகிறார்கள்?

பல ஆண்டுகள் கதிரியக்கப் பொருட்கள் வைக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தைக் காலி செய்து, இனி எந்தக் கட்டுப்பாடும் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தால் அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய அறைகளை அளந்து அறிக்கை எழுதும் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முறையாகச் செய்திருந்தால் தாராளமாக நம்பலாம். ஆனால், ஒருவர் கருவியுடன் உள்ளே போய், அது பெரிதாக எதையும் காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. அந்த அறையில் என்ன பொருள், எந்த வடிவில், எவ்வளவு, எந்த ஆண்டு வரை இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான் அந்த அளவீட்டுக்குப் பொருள் உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேர்ந்தெடுத்த கருவி, இருப்பதையும் இல்லை என்றே காட்டும்.

அணு மருத்துவத் துறையில் அன்றாடம் புழங்கும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131க்குச் சுமார் 8 நாட்கள் பிடிக்கும். இப்படிப் பாதியாகக் குறைய ஆகும் காலமே அரைவாழ்வு. பத்து அரைவாழ்வுக் காலம் கடந்தால் தொடக்கத்தில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், இத்தகைய பொருட்கள் மட்டுமே இருந்த அறை, பூட்டி வைத்திருந்தாலே சில மாதங்களில் தானாகத் தூய்மையாகிவிடும். அமெரிக்காவில் 120 நாட்களுக்கு மேற்படாத அரைவாழ்வு கொண்ட மருத்துவக் கழிவை அந்த இடத்திலேயே வைத்துச் சிதையவிட்டு, எங்கும் இயற்கையாகவே இருக்கும் பின்புலக் கதிர்வீச்சிலிருந்து பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்தபின் எச்சரிக்கைச் சீட்டுகளை நீக்கிவிட்டுச் சாதாரணக் கழிவாக அகற்ற விதிகள் அனுமதிப்பதும் இதனால்தான்.

கோபால்ட்-60, சீசியம்-137, ரேடியம்-226 ஆகியவை வேறு வகை. இவற்றின் அரைவாழ்வு முறையே 5.27 ஆண்டுகள், சுமார் 30 ஆண்டுகள், 1,600 ஆண்டுகள். காத்திருந்து தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல இது. இவை பெரும்பாலும் உலோக உறைக்குள் அடைக்கப்பட்ட கதிர்வீச்சு மூலங்களாகவே மருத்துவமனையில் இருக்கும். உறை பழுதடையாதவரை அறையில் எதுவும் படியாது. ஆகவே குறித்த இடைவெளிகளில் செய்யப்பட்ட கசிவுச் சோதனைகளின் பதிவேடுதான் இங்கே முதல் சான்று. துடைத்தெடுத்த மாதிரியில் 185 பெக்கரெலுக்கு (வினாடிக்கு 185 அணுச் சிதைவுகள்) மேல் தெரிந்தால் மூலம் கசிகிறது என்று கொள்வது வழக்கம். எல்லா ஆண்டுகளின் சோதனையும் இந்த வரம்புக்குள் இருந்து, மூலங்கள் அனைத்தும் வேறு உரிமதாரரிடம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையும் இருந்தால், வேலையில் பாதி முடிந்தது என்றே சொல்வேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான பழைய ரேடியம் ஊசிகள் ஒரு காலத்தில் புழங்கிய கட்டடமாக இருந்தால் மட்டும் அவ்வளவு எளிதில் நிம்மதி அடையமாட்டேன்.

நான் அதிகம் கவலைப்படுவது, மருத்துவமனையோடு ஒட்டியிருந்த ஆய்வுக்கூடங்களைப் பற்றித்தான். அங்கே டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனும் கார்பன்-14ம் திரவமாகக் கையாளப்பட்டிருக்கும். டிரிட்டியம் வெளியிடும் பீட்டா துகளின் ஆற்றல் அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியின் மெல்லிய சாளரத்தைக்கூட அதனால் கடக்க முடியாது. மேசை முழுக்க டிரிட்டியம் சிந்தியிருந்தாலும் கருவி அமைதியாகவே இருக்கும். அதனால் வட்டமான வடிதாள் ஒன்றை எடுத்து, 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை ஒரே சீரான அழுத்தத்தில் துடைத்து, அந்தத் தாளைச் சிறு குப்பியில், கதிர் பட்டால் ஒளிரும் மிளிர்வுத் திரவத்தோடு போட்டு எண்ண வேண்டும். எங்கே துடைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். பளபளவென்று இருக்கும் தரை நடுவில் ஒன்றும் கிடைக்காது. குளிர்பதனப் பெட்டிக் கதவின் ரப்பர் விளிம்பு, இழுப்பறைக் கைப்பிடியின் அடிப்பக்கம், தரைவிரிப்பு சுவரைத் தொடும் மடிப்பு, புகை உறிஞ்சி அடைப்பின் உட்புற மேல்தட்டு, கழுவுதொட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் வளைகுழாய் ஆகிய இடங்களில்தான் பழைய கவனக்குறைவுகள் ஒளிந்திருக்கும். அந்த வளைகுழாயைக் கழற்றிப் பார்க்காத அறிக்கையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

அளந்தபின் எந்த எண்ணோடு ஒப்பிடுவது? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, எஞ்சிய கதிரியக்கத்தால், அதிகம் பாதிக்கப்பட வாய்ப்புள்ள குழுவில் ஒரு சராசரி நபருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு அளவு ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட்டை (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. அதற்குள் வந்த பிறகும், நியாயமாக முடிந்த அளவுக்கு இன்னும் குறைக்க வேண்டும். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் உலகச் சராசரி சுமார் 2.4 மில்லிசீவர்ட் என்பதை நினைவில் வைத்தால், அனுமதிக்கப்படும் கூடுதல் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பது புரியும். இந்த வரம்பைக் கட்டடப் பரப்புக்கு மாற்றித் தந்திருக்கும் பட்டியலில் 100 சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு இத்தனை சிதைவுகள் என்ற கணக்கில் கோபால்ட்-60க்கு 7,100, சீசியம்-137க்கு 28,000, டிரிட்டியத்துக்கு 12 கோடி என்று இருக்கிறது. டிரிட்டியத்தின் கதிர் தோலைக்கூடத் துளைக்காது, உடலுக்குள் போனால்தான் தீங்கு என்பதால்தான் இவ்வளவு இடைவெளி. பொருளின் பெயர் தெரியாமல் வரம்பு மீறவில்லை என்று மட்டும் சொல்லும் அறிக்கையால் பயனில்லை என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

அளவீட்டு முறைக்கு அந்நாட்டின் நான்கு கூட்டாட்சி அமைப்புகள் சேர்ந்து வகுத்த மார்சிம் என்னும் கையேடு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, இடம் வரம்பை மீறி மாசுபட்டிருக்கிறது என்பதையே தொடக்க அனுமானமாகக் கொண்டு, தரவுகள் அதை முறியடித்தால் மட்டுமே விடுவிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு. மாசுபட்டிருக்க அதிக வாய்ப்புள்ள பகுதியை ஓர் அங்குலம் விடாமல் வருட வேண்டும். வாய்ப்பு குறையக் குறைய அளவிடும் பரப்பும் குறையலாம். செங்கல்லிலும் பீங்கான் ஓட்டிலும் இயற்கையாகவே பொட்டாசியம்-40, தோரியம் போன்றவை இருப்பதால், அதே கட்டடத்தில், அதே தரையும் சுவரும் கொண்ட, கதிரியக்கப் பொருளே நுழையாத ஓர் அறையை அளந்து அதோடு ஒப்பிடுவது நல்லது. பத்து மெகாவோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்கோட்டு முடுக்கியோ (கதிர்சிகிச்சைக் கருவி) சைக்ளோட்ரானோ (கதிரியக்க மருந்துப் பொருள் உண்டாக்கும் துகள் முடுக்கி) இயங்கிய அறை என்றால் பரப்பைத் துடைப்பது போதாது. நியூட்ரான்கள் கான்கிரீட்டுக்குள்ளேயே யூரோப்பியம்-152, கோபால்ட்-60 ஆகியவற்றை உண்டாக்கியிருக்கலாம், எனவே சுவரைத் துளைத்து மாதிரி எடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், பேராபத்து இந்தத் துகள்களில் இல்லை, மறந்து விட்டுச் செல்லப்படும் பொருளில்தான் இருக்கிறது. பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு கதிர்சிகிச்சை நிலையம் 1985ஆம் ஆண்டு இறுதிவாக்கில் வேறு இடத்துக்கு மாறியபோது, சீசியம்-137 சிகிச்சைக் கருவியை உரிமம் தந்த அமைப்புக்குத் தெரிவிக்காமல் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டது. 1987 செப்டம்பரில் உள்ளே புகுந்தவர்கள் பழைய இரும்பாக விற்கலாம் என்று அதைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். உறை உடைந்து 50.9 டெராபெக்கரெல் (ஒரு டெராபெக்கரெல் லட்சம் கோடி பெக்கரெல்) அளவு சீசியம் வீடுகளுக்குள் பரவியது. நான்கு பேர் இறந்தார்கள், 249 பேரிடம் மாசு கண்டறியப்பட்டது, 1,12,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தில் எந்த மூலம் இருந்தது, அது எங்கே போனது என்று யாராவது கணக்குக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

எனவே அந்த இடத்துக்குப் போக வேண்டியவராக நீங்கள் இருந்தால், இறுதி அளவீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உரிமக் காலம் முழுவதும் இருந்த பொருட்களின் பட்டியல், ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்த இடம், சிந்தல்கள் நடந்திருந்தால் அவற்றின் பதிவு, பயன்படுத்திய கருவியின் அளவுத்திருத்தச் சான்று, அது கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பு தானே வந்து மறுபடி அளந்திருந்தால் இன்னும் நல்லது. இவை எல்லாம் இருந்தால் என் சொந்தக் குழந்தையை அந்த அறைக்குள் தயங்காமல் அனுப்புவேன். பொருட்களின் பட்டியல் இல்லை, பழையது தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால், முன்பு அங்கே வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, ஆல்பா, பீட்டா, காமா மூன்றுக்கும் தனித்தனியாக மறுபடி அளக்கும்வரை அந்த அறையைத் திறக்க வேண்டாம் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.