உங்கள் நிலத்தை ஒட்டி ஓடும் ஆறு மட்டிகளின் வாழிடமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: டெக்சாஸில் லானோ ஆற்றங்கரையில் நிலம் வாங்கியிருக்கிறோம். ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம் போட நினைக்கிறோம். இங்கே அழிந்துவரும் மட்டிகள் இருக்கின்றன, பார்த்துச் செய்யுங்கள் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். இறங்கித் தேடினோம், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எப்படி உறுதி செய்வது?

கண்ணில் படாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆற்று மட்டி சரளைக்குள் புதைந்து பின்முனையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் பாசியும் படிந்துவிட்டால் பழகிய கண்ணுக்கே கல் மாதிரிதான் தெரியும்.

முதலில் மட்டிகளின் வாழிட எல்லை காட்டும் வரைபடம், ஆற்றில் இறங்குவதெல்லாம் அப்புறம். அதில் குறித்திருக்கும் ‘கிரிட்டிக்கல் ஹேபிடட்’ (முக்கிய வாழிடம்) என்பது அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை எல்லை குறித்து அரசிதழில் அறிவிக்கும் பகுதி. மத்திய டெக்சாஸ் மட்டிகளுக்கான அறிவிப்பு 2024 ஜூனில் வந்தது, டெக்சாஸ் ஃபேட்மக்கெட், டெக்சாஸ் பிம்பிள்பேக் என்ற இரண்டு மட்டி இனங்களுக்காகவும் லானோ ஆற்றின் பகுதிகள் அதில் இருக்கின்றன. அந்தத் துறையின் ‘ஐபேக்’ (IPaC) இணையதளத்தில் பாலம் வரப்போகும் இடத்தைச் சுற்றிக் கோடு வரைந்தால், அங்கே எந்த உயிரினத்தைக் கவனிக்க வேண்டும், அறிவிக்கப்பட்ட வாழிடம் இருக்கிறதா என்ற பட்டியல் வந்துவிடும்.

சரி, ஒரு ஆற்றுப் பகுதியை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வருடம் முழுக்க ஓடும் தண்ணீர் வேண்டும், வெள்ளத்தில் புரண்டு போகாத அடித்தளம் வேண்டும். பாறை வெடிப்பு, பாறாங்கல்லின் மறைவு, நீரோரச் செடிகளின் வேர்ப்பின்னல், கெட்டிப்பட்ட சரளை இதெல்லாம் நல்ல இடங்கள். மெல்லிய சேறு மூடிய மடுவோ, ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும் மணலோ பெரும்பாலும் ஒத்துவராது. அம்மோனியாவை மட்டிக்குஞ்சுகள் துளியும் தாங்காது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013-இல் நன்னீர் அம்மோனியா வரம்பை இறுக்கியதற்கே மட்டிகள்தான் முக்கியக் காரணம்.

பலர் விட்டுவிடுவது மீனை. மட்டியின் இளம்பருவம் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிச் சில வாரங்கள் வாழ்ந்தால்தான் மட்டியாகும். ஃபேட்மக்கெட்டுக்கு பாஸ், சன்ஃபிஷ் வகைகள், பிம்பிள்பேக்குக்குக் கெளுத்தி வகைகள். ஃபேட்மக்கெட் தாய் தன் சதையின் ஓரத்தைக் குட்டிமீன் போல நெளித்துக் காட்டும், இரை என்று பாஸ் வந்து கடித்ததும் குஞ்சுகளை அதன் வாய்க்குள் பீய்ச்சிவிடும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. மீன் மேலே ஏற முடியாதபடி தரைப்பாலம் போட்டால், தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்கு மேலே புது மட்டி வருவது நின்றுபோகும். அதனால்தான் பாலத்தின் அமைப்பு முக்கியம் என்கிறேன்.

கரையில் ஓடு கிடந்தால் படம் எடுங்கள், எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கட்டைவிரல் நகம் அளவில், மேடுமேடாக வளையக் கோடுகளோடு நிறையக் கிடப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆசிய மட்டி, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட மட்டியை அனுமதியில்லாமல் உயிரோடு தொட்டு எடுப்பதும், ‘நாமே மேலே கொண்டு விட்டுவிடலாம்’ என்று இடம் மாற்றுவதும் சட்டப்படி குற்றம். முறையாகத் தேடவே அனுமதி வாங்கிய ஆய்வாளர்தான் வர வேண்டும்.

வரைபடத்துக்குள் வந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடாது, நீந்தலாம், மீன் பிடிக்கலாம். கூட்டாட்சி அரசின் அனுமதியோ பணமோ சம்பந்தப்படும் வேலைக்குத்தான் அந்த எல்லை குறுக்கே வரும். ஆற்றுக்குள் மண்ணோ கான்கிரீட்டோ கொட்டும் தரைப்பாலத்துக்கு ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதி தேவைப்படும், அப்போது அவர்கள் மீன், வனவிலங்குத் துறையைக் கலந்தாலோசித்தாக வேண்டும். மட்டியைக் கொல்லக் கூடாது என்ற தடையோ வரைபடத்துக்கு வெளியேயும் உண்டு.

ஆகவே பாலத்துக்கு வரைபடம் போடச் சொல்லிப் பொறியாளருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே துறையின் வட்டார அலுவலகத்துக்கு எழுதுங்கள். தூண்கள் ஓடும் நீருக்குள் இறங்காத பாலம் கட்ட முடியுமா என்றும் விலை கேட்டுப் பாருங்கள். செலவு கூடும், ஆனாலும் என் வாக்கு அதற்குத்தான்.