தோப்பை விட்டுப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பேராவூரணி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். எனக்கு 38 வயது. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, ஊர் முக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கூட ஒரு பையன் நாலு வருடமாக வேலை பார்க்கிறான். அப்பா பெயரில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. கஜா புயலில் 190 மரத்தில் 23தான் நின்றது. 2019இல் அப்பாவும் நானுமாக மறுபடி கன்று வைத்தோம். இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கிறது.

என் மச்சான், மனைவியின் அண்ணன், கோவை கணபதியில் பம்ப்செட் செய்யும் சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர். வைண்டிங்கிற்கு ஆள் தேவை, மாதம் 28,000, ஜூனுக்குள் குடும்பத்தோடு வந்துவிடு என்கிறார். கடையில் எனக்குக் கோடையில் முப்பதாயிரம் கூட வரும். ஐப்பசி, கார்த்திகையில் எட்டாயிரம் வந்தால் பெரிது. மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மனைவிக்கும் போகலாம் என்றுதான் எண்ணம்.

அப்பாவுக்கு 71. "நீ போனா தோப்பு போயிடும், தோப்பு போனா நான் போயிடுவேன்" என்கிறார். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த நெடுவாசல் போராட்டத்தில் நாங்கள் நண்பர்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தவர்கள். அவர்கள், "மண்ணைக் காப்போம்னு கத்திட்டு இப்ப நீயே ஓடுறியா" என்று கேட்கிறார்கள். அது மனதைக் குடைகிறது. பிறந்த மண்ணை விட்டுப் போவது துரோகமா? நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் மச்சான் பேசுகிறார், அப்பா பேசுகிறார், நண்பர்கள் பேசுகிறார்கள். உங்கள் மனைவிக்கு மட்டும் ஒரே ஒரு வரி. "மனைவிக்கும் போகலாம் என்றுதான் எண்ணம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அவர் வேறு ஊரில் பிறந்தவர். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்து, உங்கள் வீட்டுக் குழம்பைக் கற்றுக்கொண்டு, அங்கே மகளைப் பெற்று வளர்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் அம்மாவும் ஒரு காலத்தில் அப்படி வந்தவராகத்தான் இருப்பார். நம் பக்கம் பெண்கள் பிறந்த ஊரை விட்டுப் போவதை யாரும் துரோகம் என்று சொன்னதே இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பியிருக்கிறோம். ஊர் மாறினால் எது போகும், எது கூட வரும், புது இடம் பழக எவ்வளவு நாளாகும் என்று அனுபவத்தோடு சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எதற்காகப் போக ஆசைப்படுகிறார் என்றும் கேளுங்கள். மகள் படிப்புக்கா, தானும் ஒரு வேலைக்குப் போகவா, அண்ணன் பக்கத்தில் இருக்கவா? காரணம் எதுவோ அதைப் பொறுத்து முடிவும் மாறும்.

துரோகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் தஞ்சைப் பக்கம் கிளம்பிப் போனவர்களின் சீமை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் இல்லாத ஊர் குறைவு. ரஜூலா கப்பலைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைக்காரர்கள் கடல் தாண்டிச் சம்பாதித்து ஊரில் வீடு கட்டினார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை போர்வெல் இறங்கியிருக்கிறது, எத்தனை தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

மண்ணும் நாம் நினைக்கிற அளவுக்கு மாறாமல் இருந்ததில்லை. உங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டு வரும் கல்லணைக் கால்வாயை இன்றும் புது ஆறு என்றுதானே சொல்கிறோம்? மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த ஆறு அது. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சில வருடம் வராமலே போகும். அந்த நிச்சயமின்மைதான் நெல்லும் கடலையும் போட்டவர்களைத் தென்னைக்குத் தள்ளியது. உங்கள் தாத்தா காலத்தில் அந்த மூன்று ஏக்கரில் என்ன விளைந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தென்னை என்று சொல்வாரா, எனக்குச் சந்தேகம்தான்.

நண்பர்கள் மீது கோபப்படாதீர்கள். நெடுவாசலில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்தது நியாயம். அதைப் போன்ற போராட்டங்களின் அழுத்தத்தால்தான் 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அங்கே கேட்டது என்ன? எங்கள் நிலத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வோம் என்பது. நம் வாழ்க்கையை நாம் முடிவு செய்வோம் என்பதும் அதில் அடக்கம். கஜா அடித்த 2018 நவம்பர் 16க்குப் பிறகு நடந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, வாரக்கணக்கில் ஊர் இருட்டாகக் கிடந்தபோது, சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள்தான் தார்ப்பாயும் அரிசியும் ஜெனரேட்டருமாக முதலில் வந்து நின்றார்கள். அன்றைக்கு அவர்களை யாரும் ஓடிப்போனவர்கள் என்று சொல்லவில்லை.

சரி, துரோகத்தை இத்தோடு விட்டுவிடுவோம். நீங்கள் யோசிக்க வேண்டியவை வேறு.

முதலில் 28,000. கையில் வருவது அதுவல்ல. பி.எஃப். போன்ற பிடித்தம் போக எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை, அட்வான்ஸ், பால், காய்கறி, நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வந்து போகும் பஸ் செலவு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். இங்கே வீடு சொந்தம், தேங்காய் சொந்தம். கடையின் பில் நோட்டை எடுத்துப் பன்னிரண்டு மாத வரவையும் ஒரு தாளில் எழுதுங்கள். கோடைக்கும் கார்த்திகைக்கும் நடுவே சராசரி எங்கே நிற்கிறதோ, அதைக் கோவையில் மிஞ்சும் தொகையோடு வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

ஆகவே பணத்துக்காக மட்டும் என்றால் போக வேண்டாம் என்பேன். ஆனால் தொழிலுக்காக என்றால் போகலாம் என்று எனக்குப் படுகிறது. உங்கள் கடையில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் வந்து இறங்கினால், காயில் கருகிய வாடையை வைத்தே ஓவர்லோடா, ஒரு பேஸ் போனதா, போரில் மணல் ஏறியதா என்று பாதி சொல்லிவிடுவீர்கள். அது பல வருடக் கைப்பழக்கம். கம்பெனியில் வைண்டிங் மேஜையில் உட்கார்ந்தால், ஒரே மாடல் ஸ்டேட்டரில் காலையிலிருந்து மாலை வரை ஒரே வேலை. கை வேகமாகும், புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். மச்சானிடம் சொல்லி டெஸ்டிங் பிரிவைக் கேளுங்கள். சோலார் பம்பின் கன்ட்ரோலர், புது வகை மோட்டார்கள், அவை எங்கே பழுதாகின்றன என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். மானியத்தில் சோலார் மோட்டார்கள் நம் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கெட்டுப்போனால் கம்பெனி ஆள் வரும் வரை விவசாயி காத்துக் கிடக்கிறார். மூன்று நான்கு வருடம் கழித்து நீங்கள் ஊருக்குத் திரும்புவதாக இருந்தாலும், கோவையிலேயே கடை போடுவதாக இருந்தாலும், சோறு போடப்போவது அந்தக் கல்விதான்.

மகள் விஷயத்தில் அவசரப்படவே கூடாது. கோவை போனதும் நல்ல பள்ளி என்று தனியார் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். சேர்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2020இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதைக் கொடுத்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்ததை வைத்துத்தான் தொடங்கியது. இடையில் ஒரு வருடம் தனியாரில் படித்தாலும் 7.5 கைவிட்டுப் போகும். ஊர் மாறினால் போகாது. கோவையிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன, மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன. நேரில் போய்ப் பாருங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். பள்ளி மாறப்போகிறவள் அவள்.

இனி அப்பா. அவர் சொன்னதை நீங்கள் மிரட்டலாக எடுத்துக்கொண்டீர்களோ என்று தோன்றுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. வைத்து வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர் அவர். ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம், அதிலும் 500 மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. அதை வாங்கிக்கொண்டு, பலன் வர ஐந்து வருடத்துக்கு மேலாகும் என்று தெரிந்தே, அறுபத்தைந்தை நெருங்கும் வயதில் கன்றுக்குக் குழி வெட்டினார். யாருக்காக? தோப்பு இன்னொரு தடவை போய்விடுமோ என்ற பயம்தான் அவரிடம் பேசுகிறது. கோவையின் மேல் அவருக்கு என்ன பகை?

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் கிளம்பாதீர்கள். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்துக் கிடந்தால் 71 வயதில் அவர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ முடியாது. மரம் ஏற ஆள் தேடி அலைய முடியாது. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட எழுந்து போகவும் விடக்கூடாது. பெரியவரைத் தோப்புக் காவலுக்கு வைத்துவிட்டு, "அப்பா பாத்துக்கிறாரு" என்று வெளியூரில் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் வருவது அவர்கள் மேல்தான். பங்காளிகளில் நம்பிக்கையான ஒருவருக்குப் பங்கு பேசி விடுங்கள், அல்லது வருடக் குத்தகை எழுதிக்கொள்ளுங்கள். எதுவானாலும் அப்பா முன்னால், அவர் சம்மதத்தோடு. இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு வருமில்லையா, அன்றைக்கு நீங்கள் ஊரில் நில்லுங்கள். இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். 2025இல் தேங்காய் விலை ஏறியபோது, விற்றுவிட்டு கோவையில் மனை வாங்கலாம் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். விற்காதீர்கள். அந்த நெட்டை மரங்கள் உங்கள் மகள் காலத்துக்கும் காய்க்கும்.

பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் அப்பா இருக்கும்போதே உட்பிரிவு செய்து முடியுங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு அந்த வேலை நடப்பதே இல்லை.

எப்போது போவது? இந்த ஜூனில் வேண்டாம். மச்சான் அவசரப்படுத்தினாலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கடையில் வேலை இல்லை என்கிறீர்கள். அந்த இரண்டு மாதம் நீங்கள் மட்டும் போய் வேலை பாருங்கள். கடையைப் பூட்டாதீர்கள். நாலு வருடம் கற்ற பையன் சின்ன வேலைகளைப் பார்ப்பான், வருவதில் அவனுக்கு நியாயமான பங்கு கொடுங்கள். புயல் எச்சரிக்கை வரும் மாதங்கள் அவை, வந்தால் உடனே கிளம்பி வருவேன் என்று கம்பெனியிலும் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தை பிறப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். சரிப்பட்டால் அடுத்த ஜூனில் குடும்பத்தோடு போங்கள். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பில் சேர்வாள். அதற்கு மேல் தள்ளினால் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்துவிடும், பிறகு மாற்றுவது பாவம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் அங்கே, மனைவி இங்கே என்று வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். மாமனார் மாமியார், தோப்பு, பள்ளி, ரேஷன் கடை எல்லாம் அவர் தலையில் வந்து விழும். இரண்டு மாதம் என்றால் அவரே சரி என்பார். அதையும் அவர் வாயால் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மச்சானிடம் ஆவணிக்குள் பேசிவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் திரும்பி வர நாளாகும். அந்தச் சமயத்தில் கம்பெனிக்கும் ஆள் தேவைப்படும், டெஸ்டிங் பிரிவைக் கேட்க அதுவே நல்ல நேரம்.

அன்புடன்.