கச்சான் காத்து வெக்கைக்குள்ள என்ன பின்னலாம்?

கேள்வி: அக்கா, நாங்க வவுணதீவுப் பக்கம், சிறுபோக வயல் செய்றம். மத்தியானம் வாடியில குந்தி கொக்கி ஊசியால குரோசே பின்னக்குள்ள வூல் எல்லாம் வேர்வையில கையோட ஒட்டுது, என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, வூலையும் போர்வையையும் மாரிக்கு எடுத்து வைங்க, மடியில கிடந்து சுடும். இப்ப பருத்தி நூல்தான் நல்லம், அது வேர்வைய உறிஞ்சிரும், 3.5 மில்லிமீட்டர் ஊசி எடுத்து சந்தைக்குக் கொண்டுபோற வலைப்பை ஒண்டு பின்னுங்களன், அடி நெருக்கமா, நடுவுல சங்கிலிப் பின்னலால ஓட்டை ஓட்டையா, மாடு வயலுக்க இறங்கினா அப்படியே வச்சிட்டு ஓடலாம். கைப்பிடிய மட்டும் கட்டாயம் இறுக்கிப் பின்னுங்க, பருத்தி பாரத்துக்கு நீளும், திரும்பச் சுருங்காது. நெல்லுச் சூடடிக்கிற நாளையில நூல மூடி போட்ட வாளிக்குள்ள வைங்க, அந்தத் தூசி நூலுக்குள்ள போனா லேசில போகாது.