பல்கலைக்கழக விபிஎன்னில் இணைந்த பிறகும் ஆய்விதழ் பணம் கேட்பது ஏன்?

கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. வீட்டுக் கணினியை வளாகத்தின் வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பான இணையப் பாதையே விபிஎன். வீட்டிலிருந்து அது இணைந்துவிட்டதாகத் திரை சொல்கிறது. ஆனால் ஆய்விதழ் கட்டணம் கேட்கிறது. ஆய்வகக் கணினி 192.168.1.20 என்ற முகவரியில் இருக்கிறது. அதையும் எட்ட முடியவில்லை. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள்.

கடவுச்சொல்லை இனி மாற்றாதீர்கள். அது தவறாக இருந்தால் விபிஎன்னே இணைந்திருக்காது. முனைவர் பட்ட ஆய்வின்போது அம்மாவின் சிகிச்சைக்காக ஊருக்கு வந்திருந்த நான், இதே இடத்தில் இரண்டு இரவுகளை இழந்தேன். பாதை அமைந்துவிட்டது என்பது வேறு, நம் இணையப் போக்குவரத்து அந்தப் பாதையில்தான் போகிறது என்பது வேறு. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இரவுகள் மிஞ்சியிருக்கும்.

பல ஆய்விதழ்த் தளங்கள் நீங்கள் யார் என்று பார்ப்பதில்லை, எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எந்த எண்ணிலிருந்து, வருகிறீர்கள் என்றே பார்க்கின்றன. சந்தா கட்டும்போதே நூலகம் வளாகத்தின் முகவரிகளைப் பதிப்பகத்திடம் கொடுத்திருக்கும். ஆனால் சில வளாகங்களின் விபிஎன், உள் கணினிகளுக்குப் போகும் போக்குவரத்தை மட்டுமே தன் வழியாக எடுத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் உங்கள் வீட்டு இணைப்பிலேயே போகும். இதை ஸ்ப்ளிட் டனல் என்பார்கள். வளாகத்தின் இணைப்பில் சுமை ஏறாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது, பிழை அல்ல. அதனால் பதிப்பகத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

சோதிப்பது எளிது. விபிஎன் இல்லாமல் உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைந்த பிறகு மீண்டும் பாருங்கள். மாறவில்லை என்றால், முழுப் போக்குவரத்தையும் கொண்டுபோகும் அமைப்பு இருக்கிறதா என்று கணினி மையத்தில் கேளுங்கள். மாறியும் கட்டணம் கேட்டால், ஐபி முகவரிகளின் புதிய வகையான ஐபிவி6-ஐச் சந்தேகியுங்கள். விபிஎன் பழைய வகையான ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள, முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட ஐபிவி6 முகவரி வழியாகப் பதிப்பகத்தின் தளம் வீட்டிலிருந்தே திறந்துவிடும். என்னுடைய இரண்டாவது இரவு இதில்தான் போனது. கைப்பேசி இணைப்பைப் பகிர்ந்து வேலை செய்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஆய்வகக் கணினிக்கு வருவோம். உங்கள் வீட்டு ரூட்டரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்போது 192.168.1.20 என்று கேட்டால், கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும். பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பவே திரும்பாது. ரூட்டரின் அமைப்பில் வீட்டு வரிசையை 192.168.50 என்று மாற்றிவிட்டு, எல்லாக் கருவிகளையும் மீண்டும் இணையுங்கள். ஐந்து நிமிட வேலை.

பணம் கட்டி வாங்கும் பொது விபிஎன் சேவையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது இதற்கு உதவாது. அது தருவது வேறொரு நிறுவனத்தின் முகவரி. உங்கள் நூலகம் சந்தா கட்டிய முகவரி அல்ல.

கட்டுரை மட்டுமே தேவை என்றால் விபிஎன் இல்லாமலும் வழி உண்டு. பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையமாகக் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும், நிறுவனக் கணக்கு வழியாக உள்நுழைவதற்கான இன்ஃபெட் கூட்டமைப்பில் உங்கள் நிறுவனம் இருந்தால், பதிப்பகத்தின் தளத்திலேயே நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்து, நிறுவனக் கணக்கில் உள்நுழையலாம். அங்கே முகவரிக்கு வேலையில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய, மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நூலகரிடம் அவசியம் கேளுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் நிரல் எழுதி நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இறக்காதீர்கள். பதிப்பகம் அந்த முகவரியையே முடக்கினால், அதே வாசல் வழியாக வரும் எல்லோருக்கும் கதவு அடைபடும்.

கணினி மையத்துக்கு எழுதும்போது, ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், இணைவதற்கு முன்னும் பின்னும் இருந்த ஐபி முகவரிகள், திறக்க முயன்ற தளம், நேரம், வீட்டு ரூட்டரின் முகவரி வரிசை ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு அப்படி எழுதிய மறுநாள் காலையே பதில் வந்தது.