சின்னக் கல்லூரி, ஏழு நாள் முகாம்: கேள்வி பதில்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்னக் கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிறேன். மொத்தமே ஐந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஆறு வருடம் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தேன். முகாம், மன்றம், ரத்ததானம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. முகாம் நடக்கும் ஊரில் கண்மாய், கிணறு, குவாரிக் குட்டை எதிலும் பிள்ளைகள் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவனும் இறங்கக் கூடாது.

முதலாமாண்டு மாணவர், சிவகாசி: என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்திருக்கிறேன். சான்றிதழ் வாங்க என்ன செய்ய வேண்டும்?

வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஒரு 7 நாள் சிறப்பு முகாம். இரண்டும் முடிந்தால் சான்றிதழ். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. நீங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னத்தில் இருப்பது கோனார்க் சூரியக் கோயில் தேரின் சக்கரம். அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். எந்த நேரமும் தயாராக இரு என்று பொருள்.

இரண்டாமாண்டு மாணவி, திருச்சுழி: எனக்கு முகாமுக்குப் போக ஆசை. "ஏழு ராத்திரி வெளியே தங்க விடமாட்டேன்" என்கிறார் அப்பா. என்ன செய்வது சார்?

உங்கள் அப்பாவின் பயம் நியாயமானதும்மா. அவரோடு சண்டை போட வேண்டாம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

என் முதல் வருடத்தில் ஐம்பது பேர் முகாமில் பெண் பிள்ளைகள் ஒன்பதே பேர். ஊருக்கு ஊர் போய் அப்பா அம்மாக்களிடம் பேசினேன். யாரும் "சேவை எதற்கு" என்று கேட்கவில்லை. எங்கே படுப்பார்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி யார் இருப்பார், அவசரம் என்றால் யாருக்குப் போன் போடுவது, இவைதான் கேள்விகள். அடுத்த வருடம் இடத்தைப் பார்த்து முடிவு செய்த பிறகுதான் பட்டியலே போட்டேன். பெண்களுக்குப் பள்ளிக்கூடக் கட்டடம், பையன்களுக்குச் சமுதாயக் கூடம். இரண்டு பேராசிரியைகள் ஏழு ராத்திரியும் அங்கேயே தங்கினார்கள். நடுவில் ஒருநாள் பெற்றோர் வந்து பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகலாம் என்று சொன்னோம். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். மூன்றாம் வருடம் பெண்கள் இருபத்தாறு பேர்.

ஆகவே உங்கள் திட்ட அலுவலரிடம் சொல்லி அப்பாவிடம் நேரில் பேசச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். அவர் மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர்: எங்கள் கல்லூரியில் 400 பேர்தான். எந்த மன்றமும் ஓடவில்லை. நாலரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். சின்னக் கல்லூரியின் உண்மையான கால அட்டவணை பஸ் நேரம்தான். அந்த வண்டியை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. ஊரில் இறங்கி இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் வண்டி இருந்தால்தானே ஏற முடியும்?

மாலையில் கூட்டம் போடும் வழக்கத்தை நாங்கள் அடியோடு விட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், வாரம் ஒருநாள். தமிழ் மன்றம் என்று பெயர் வைத்தோமே ஒழிய விழா எதுவும் இல்லை. ஒருவர் தன் ஊரின் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான்கு வாரத்தில் உட்கார இடமில்லை. அதில் வந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் பத்திரிகையாக நூலக வாசலில் ஒட்டினோம்.

இன்னொன்று. சின்ன இடத்தில் கோலப் போட்டி, ரத்ததானம், பேச்சுப் போட்டி எல்லாவற்றுக்கும் அதே பத்துப் பேரைத்தான் கூப்பிடுவோம். அவர்கள் களைத்துவிடுவார்கள், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு பொறுப்பு என்று வையுங்கள். மைக் செட் மட்டும் பார்த்துக்கொண்ட ஒரு பையன் மூன்று வருடமும் வராமல் இருந்ததில்லை.

மாணவர், சாத்தூர்: என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் ராணுவத்தில் சேரலாமா?

அது என் துறை இல்லை தம்பி. உங்கள் கல்லூரி என்.சி.சி. அலுவலரைக் கேளுங்கள்.

மூன்றாமாண்டு மாணவர்: முகாமுக்கு வராமல் மணி நேரத்தை மட்டும் முடித்தால் சான்றிதழ் தருவார்களா?

தரமாட்டார்கள். மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

திட்ட அலுவலர், சிவகங்கை மாவட்டம்: தத்தெடுத்த ஊரின் கண்மாய்க் கரையில் பனை விதை நட இருக்கிறோம். எப்போது, எப்படி நடுவது?

நல்ல வேலை. முதலில் அனுமதி. ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறையிடம் கேட்க வேண்டும், அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டுக்கும் முன்னால் கேளுங்கள். அந்தக் கரையில் யார் மாடு ஓட்டுகிறார், எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பனம்பழம் ஆவணி, புரட்டாசியில் விழும். கொட்டையைப் பொறுக்கி, வடகிழக்கு மழை பிடிக்கும் முன் நட்டுவிடுங்கள். பத்தடி இடைவெளி விடுங்கள். மடைக்கும், மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்குக்கும் பக்கத்தில் வேண்டாம், பராமரிப்புக்கு ஜேசிபி வந்தால் முதலில் போவது அந்தக் கன்றுதான். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. முளை முதலில் கீழேதான் போகும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே கிழங்கு, அது இப்படி இறங்கியதுதான். மண்ணுக்கு மேலே ஓலை தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஓரிடத்தில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடுவது பனைக்குச் சரிப்படாது. காய்க்கப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். ஆண் பனையா பெண் பனையா என்பதும் பாளை விட்ட பிறகுதான் தெரியும். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் நடுவதால் கண்மாயில் தண்ணீர் இருக்கும், ஒருவரும் இறங்கக் கூடாது.

முன்னாள் மாணவர், ராமநாதபுரம்: பனை விதை நடுவது படம் எடுத்துப் போடத்தான். அதற்குப் பதில் கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டினால் ஊருக்குத் தண்ணீராவது நிற்கும்.

படத்துக்காக நடுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கருவேலத்தை வெட்டுவதும் படத்துக்குத்தான் முடிகிறது. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். எடுத்தாலும், நெற்றைத் தின்ற ஆடு அடுத்த வருடம் புழுக்கை வழியே விதைத்துவிடும். ஐம்பது பிள்ளைகள் ஏழு நாளில் கையால் முடிக்கிற வேலை இல்லை. முள் குத்திக் கால் வீங்கிய பிள்ளைகளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்றை எடுத்து அதில் நூறு அடியைச் சுத்தமாகத் தூர்வாருங்கள். மழை வந்ததும் பலன் கண்ணுக்குத் தெரியும்.

மாணவர், மதுரை: 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது. நீங்கள் வேண்டாம் என்கிறீர்களே?

அகற்ற வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? மாணவர் முகாமுக்கு ஏற்ற வேலை இல்லை என்றேன். அந்த உத்தரவு அரசு இயந்திரத்துக்கு, அரிவாள் பிடித்துப் பழகாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை.

வாசகி, கமுதி: எங்கள் வீட்டில் சீமைக்கருவேல விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறோம். நான் பி.ஏ. முடித்தது இந்த மரத்தால்தான். வெட்டு வெட்டு என்கிறவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நீங்கள் எழுதியதற்கு நன்றிம்மா. மழை பொய்த்த வருடங்களில் அந்தப் பகுதியில் அடுப்பு எரிந்தது கரிமூட்டத்தால்தான். கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் அது நிற்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்த ஊரில் முகாம் போடுகிறவர்கள் முதல் நாளே உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். எந்தப் பக்கம் வெட்டினால் ஊருக்கு நல்லது, எந்தப் பக்கம் விட்டால் உங்களுக்குப் பிழைப்பு என்று நீங்கள்தான் சொல்ல முடியும். கருவேலம் பற்றி இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் என் பதில் இதுதான்.

மாணவி, அருப்புக்கோட்டை: ரத்ததான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 18 வயது முடிந்து, எடை குறைந்தது 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலர் இந்த ஹீமோகுளோபின் அளவில்தான் நின்றுபோகிறார்கள். காலையில் சாப்பிடாமல் ஏழு மணி பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். முகாம் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன், யூனிட் கணக்கோடு நிறுத்தாதீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் பின்தொடருங்கள். ஒருமுறை கொடுத்தவர்கள் அடுத்து, ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் பொறுக்க வேண்டும்.

மாணவர்: என்.எஸ்.எஸ். சான்றிதழால் வேலை கிடைக்குமா?
மாணவர்: சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு?
மாணவி: சான்றிதழ் எப்போது வரும்?

மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சான்றிதழை மட்டும் நினைத்து வருகிறவர்களுக்கு ஏழு நாள் மிக நீளம். வர வேண்டாம்.

மாணவி, காரியாபட்டி: புதுமைப் பெண் திட்டத்தில் இந்த மாதம் 1,000 ரூபாய் ஏறவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் அந்தத் திட்டத்துக்கென்று ஒருவர் இருப்பார். வங்கிப் புத்தகத்தோடு போய்ப் பாருங்கள்.

பெற்றோர்: கண்மாயில் இறங்கக் கூடாது என்று மூன்று முறை எழுதிவிட்டீர்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாதா?

இரண்டு முறைதான் எழுதினேன், இது மூன்றாவது. என் முதல் முகாமில் ஐந்தாம் நாள், வேலை முடிந்து வியர்வையோடு நான்கு பையன்கள் எனக்குத் தெரியாமல் குளிக்கப் போனார்கள். கரையோரம் முழங்கால் தண்ணீர். கரம்பை மண் அள்ளிய பள்ளம் அதற்கு நாலு எட்டு தள்ளி, ஆளை மூடும் ஆழம். மேலே பார்த்தால் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். ஒருவன் உள்ளே போய்விட்டான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் துண்டை வீசி இழுத்தார். பையன் பிழைத்தான். அன்று ராத்திரி அவன் அம்மாவுக்குப் போன் போட்டு நான் சொன்ன வார்த்தைகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் கண்மாய் தெரியும், முகாம் போகும் ஊரின் கண்மாய் தெரியாது.

இரண்டாமாண்டு மாணவர், திருவில்லிபுத்தூர்: நீங்கள் நட்ட பனை விதைகள் என்ன ஆயின?

முந்நூறு நட்டோம். சிலவற்றை ஊர்ச் சிறுவர்கள் கிழங்கு என்று தோண்டித் தின்றுவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. சிலவற்றை மாடு மிதித்தது. கலுங்குப் பக்கம் நட்டதெல்லாம் ஜேசிபியில் போய்விட்டது, அந்தத் தவறு என்னுடையது. போன தை மாதம், அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி, என் பழைய மாணவி, நூல்கண்டு கட்டிக் கரை நெடுக எண்ணினாள். பாதிக்கும் குறைவுதான் நிற்கிறது. நிற்பவை அவள் இடுப்பு உயரம். கரையின் கிழக்குக் கோடியில் விட்டுப்போன இடத்தில் இந்தப் புரட்டாசியில் மறுபடி நடப் போகிறோம்.